மோட்டார் காயில் கட்டுகிறவர் மறுபடியும் பிறந்த கதை

அவர் புதிதாகப் பிறந்துவிட்டேன் என்று சொன்னது அது முதல் தடவை இல்லை. அதனால்தான் எங்கள் லைன் வீடுகளில் யாரும் நம்பவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அவிநாசி ரோட்டில் பஸ்ஸில் வரும்போது, ஒரு சுவரில் ‘மறுபடியும் பிறந்தாயா?’ என்று நீலப் பெயிண்டில் எழுதியிருந்ததைச் சின்னவள் எழுத்துக்கூட்டிப் படித்தாள். பிறந்தவர் எப்படி மறுபடியும் பிறப்பார் என்று என்னைக் கேட்டாள். பெரியவன் சிரித்துவிட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்படிப் பிறந்ததாகச் சொன்ன ஒருவரோடு ஒரே பட்டறையில் வேலை செய்தவன் நான். பஸ்ஸில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை என்பதால் உங்கள் இருவருக்கும் எழுதி வைக்கிறேன். நான் பத்தாவதோடு நின்றவன். வேதத்தின் பொருள் எல்லாம் எனக்குத் தெரியாது. யாருடைய சாமியையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. பார்த்ததை மட்டும் எழுதுகிறேன்.

அவர் பெயரைச் சொல்லப்போவதில்லை. அவருக்கு இரண்டு பெயர். முதல் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் பின்னாளில் திரும்பியே பார்க்க மாட்டார். இரண்டாவது பெயர் எங்கள் வாயில் வராது. அதனால் பட்டறையில் எல்லோரும் ‘அண்ணா’ என்று ஒப்பேற்றினோம்.

அப்போது நீங்கள் பிறக்கவில்லை. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. பீளமேட்டில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை ஒன்றில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். தோட்டங்களில் கிணற்று மோட்டார் எரிந்துபோனால் டெம்போவில் போட்டுக்கொண்டு வருவார்கள். உள்ளே கருகிப்போன செம்புக் கம்பியை வெட்டி எடுத்துவிட்டு, அதே கூட்டுக்குள் புதுக் கம்பியைச் சுற்றிக் கட்டி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்துக் கொடுப்போம். அந்த வேலையில் அவருக்கு நல்ல பெயர். கட்டி முடித்த மோட்டாரை ஓடவிட்டு, நீளமான திருப்புளியின் முனையை அதன்மேல் வைத்து, பிடியைத் தன் காதோடு ஒட்டிக்கொண்டு கண்ணை மூடுவார். உள்ளே என்ன தேய்கிறது, எது இடிக்கிறது என்று அந்தத் திருப்புளி வழியாகக் கேட்டுவிடுவார். அந்த நேரத்தில் யாராவது பேசினால் அவருக்குப் பொல்லாத கோபம் வரும். மோட்டார் பேசுகிறபோது மனுசன் எதற்குப் பேசுகிறான் என்பார்.

அவர் வீடு எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே. லைன் வீடுகள். நடுவில் ஒரு துவைக்கிற கல்லும் தண்ணீர்த் தொட்டியும். அவர் மனைவியை நாங்கள் அக்கா என்போம். ஒரு காலேஜ் ஹாஸ்டல் சமையலறையில் காய் நறுக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். பள்ளிக்கூடம் போகிற ஒரு மகள் இருந்தாள். சனிக்கிழமை கூலி வாங்கினால் அண்ணா நேராக வீட்டுக்கு வர மாட்டார். சாயங்காலம் அவர் சைக்கிள் ஸ்டாண்டை உதைக்கிற சத்தத்திலேயே எவ்வளவு குடித்திருக்கிறார் என்று லைனுக்கே தெரிந்துவிடும். அந்தச் சத்தம் கேட்டால் மகள் அரிசி டிரம்முக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வாள்.

அக்காவுக்கு இடது காது கேட்காது. யாராவது கூப்பிட்டால் முகத்தை முழுசாகத் திருப்பி வலது காதைக் கொடுப்பார். தொட்டிக்குப் பக்கத்தில் பாசியில் வழுக்கி விழுந்ததில் போய்விட்டது என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தார். எப்படிப் போனது என்று உங்கள் அம்மாவுக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக்குக் கூடப் போனது அவள்தான். அக்கா கேட்டுக்கொண்டதால் வெளியே சொல்லவில்லை. எனக்கே ரொம்ப நாள் கழித்து, அண்ணா ஊரில் இல்லாத சமயத்தில்தான் சொன்னாள்.

அவர் பழைய பிறப்புகளைச் சொல்கிறேன். ஒரு கார்த்திகையில் மலைக்கு மாலை போட்டார். கறுப்பு வேட்டி, சந்தனம், அதிகாலைக் குளியல். எல்லோரையும் சாமி என்று கூப்பிட்டார். அக்கா முகத்தில் சிரிப்பைப் பார்த்தோம். மலையிலிருந்து வந்து மாலையைக் கழற்றிய வாரமே சைக்கிள் ஸ்டாண்டு சத்தம் கேட்டது. அப்புறம் குடியை நிறுத்தக் கோயிலில் கயிறு கட்டிக்கொண்டார். கயிறு நைந்து அறுந்தபோது, கட்டுப்பாடும் அறுந்தது என்று அவரே தீர்ப்புச் சொல்லிக்கொண்டார். இன்னொரு தடவை மகள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தார். ஒவ்வொரு தடவையும் பட்டறையில் வந்து எங்களுக்கு ஒரு பிரசங்கம் நடக்கும். இனிமேல் நான் வேற ஆளு, பழைய ஆளைத் தேடாதீங்க என்பார். பேச்சு அவருக்கு அவ்வளவு நன்றாக வரும்.

பிறகு ஒரு நாள் காணாமல் போனார். கோபிச்செட்டிபாளையம் பக்கம் வாழைத் தோட்டங்களில் மோட்டார் வேலை செய்துகொண்டு திரிகிறார் என்று யாரோ சொன்னார்கள். அக்கா தேடிப் போகவில்லை. அவர் இல்லாத அந்த ஒரு வருஷத்தில் மகள் சனிக்கிழமை சாயங்காலங்களில் வெளியே விளையாடப் பழகிக்கொண்டாள்.

திரும்பி வந்தவரைப் பார்த்தால் எனக்கே அடையாளம் தெரியவில்லை. வெள்ளைச் சட்டை. மீசை இல்லை. சைக்கிள் கேரியரில் மஞ்சள் பைக்குள் கறுப்பு அட்டை போட்ட வேதப் புத்தகம். பட்டறைக்குள் வந்து எல்லோருக்கும் கும்பிடு போட்டுவிட்டு, தான் மறுபடியும் பிறந்துவிட்டதாகச் சொன்னார். கோபிப் பக்கம் ஒரு வாய்க்காலில் தலை முழுக ஞானஸ்நானம் எடுத்துப் புதுப் பெயரும் வைத்துக்கொண்டாராம். தண்ணீருக்குள் போனது ஒருவன், எழுந்தது வேறொருவனாம். முதலாளி நல்ல வேலைக்காரரை விட மனசில்லாமல் மறுபடியும் சேர்த்துக்கொண்டார்.

பட்டறையில் அவர் சொன்ன உவமை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. கையில் எரிந்த காயிலை வைத்துக்கொண்டு சொன்னார்:

“பாருங்க தம்பி. கூடு பழசுதான். உள்ளுக்குள்ள கருகினதை எல்லாம் வெட்டி எறிஞ்சுபோட்டு அவரு புதுசாக் கட்டிப்போட்டாருங்க. இனி இது பழைய மோட்டாருன்னு சொல்ல முடியுமுங்களா?”

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நானும் அதே வேலைக்காரன். காயில் கட்டிய மோட்டார் மேசைமேல் எப்போதும் நன்றாகத்தான் ஓடும். கிணற்றில் இறக்கி, தண்ணீரை இழுக்கும்போதுதான் தெரியும். அதோடு, முதலில் ஏன் எரிந்தது என்று பார்க்காமல் கட்டிக் கொடுத்தால் மறுபடியும் எரியும். இதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவர்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தவர்.

அக்கா அவரை வீட்டுக்குள் விடவில்லை. சரவணம்பட்டிப் பக்கம் அவர் சேர்ந்திருந்த கிறிஸ்தவ சபையின் பின்னறையில் தங்கிக்கொண்டு, வேலை முடிந்ததும் தினமும் வந்து வாசலில் நிற்பார். காய், பழம் வாங்கி வந்து படியில் வைப்பார். அது மறுநாளும் அங்கேயே இருக்கும். சைக்கிள் ஸ்டாண்டை இப்போது கையால் பிடித்து மெல்ல இறக்குவார். அப்படியும் மகள் டிரம்முக்குப் பின்னால் போய்விடுவாள்.

உங்கள் அம்மாவுக்கு அவர்மேல் கொஞ்சமும் நம்பிக்கை இல்லை. “மீசையை எடுத்துப்போட்டா கை மாறிப்போகுமாக்கும்?” என்பாள். சனிக்கிழமைகளில் அவர் நடையைப் பார்க்கவே தண்ணீர் எடுக்கிற சாக்கில் வெளியே நிற்பாள்.

பட்டறையிலும் சோதித்தார்கள். ஆயுத பூஜை முடிந்து வேலை தொடங்கிய நாளில் யாரோ அவருடைய சாமான் பெட்டிக்குள் ஒரு குவார்ட்டர் பாட்டிலை வைத்துவிட்டார்கள். திறந்து பார்த்தார். எல்லோரும் வேலை செய்கிற மாதிரி ஓரக்கண்ணால் அவரையே பார்த்துக்கொண்டிருந்தோம். பாட்டிலை எடுத்து ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு, திருப்புளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மறுநாள் காலையில் அந்தப் பாட்டில் காலியாக இருந்தது. யார் குடித்தது என்று இன்றுவரை தெரியாது. நான் அன்று முழுவதும் அவர் பக்கத்திலேயே நின்று வேலை செய்து மோந்து பார்த்தேன். வார்னிஷ் வாடையில் ஒன்றும் தெரியவில்லை.

அவர்கள் சபையில் சாட்சி சொல்வது என்று ஒரு வழக்கம் உண்டு. மறுபடியும் பிறந்தவர், முன்பு தான் எப்படி இருந்தார், என்னென்ன பாவம் செய்தார் என்று கூட்டத்தின் முன்னால் எழுந்து சொல்ல வேண்டும். நமது அண்ணாவுக்கு அது நன்றாகக் கைவந்தது. எங்கே கூட்டம் என்றாலும் அவரைத்தான் கூப்பிட்டார்கள். நான் ஒரு தடவை போய்ப் பின்னால் நின்று கேட்டேன். குடித்தது, சீட்டாடியது, அண்டாவை விற்றது, மகள் தலையில் செய்த சத்தியத்தை மீறியது எல்லாம் சொன்னார். பெண்டாட்டியைக் கைநீட்டி அடித்த பாவி என்றும் சொன்னார். பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்றார்கள். நான் ஒரே ஒரு விஷயத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். காதைப் பற்றி வரவில்லை. சொன்ன பாவத்தில் எல்லாம் அவருக்கு மேடை கிடைத்தது. கேட்கிறவர் யாருக்கும் அவர்மேல் கோபம் வராதபடி அழகாகச் சொன்னார். எனக்கு முன்னைவிடச் சந்தேகம் கூடிவிட்டது.

அக்காவுக்காகவே எங்கள் லைனில் ஒரு ஜெபக் கூட்டம் வைத்தார்கள். சாயங்காலம், இருட்டும் முன்பே. துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் டியூப் லைட்டும் மைக்கும். அண்ணா சாட்சி சொன்னார். எங்கள் லைன்காரர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். அக்கா தன் வீட்டு வாசலில் முகத்தைத் திருப்பி, வலது காதைக் கொடுத்து நின்றிருந்தார். கடைசியில் போதகர் அக்காவைப் பார்த்துப் பேசினார். அவர் நல்ல மனுசர். மெதுவாகத்தான் சொன்னார்.

“அம்மா, உங்க ஊட்டுக்காரரு இப்ப புது மனுசருங்க. பழைய ஆளு அந்த வாய்க்கால் தண்ணியிலயே செத்துப்போயிட்டாரு. அவரு பண்ணின பாவத்தைக் கர்த்தரே மறந்துபோட்டாருங்க. நீங்களும் மறந்து உள்ளே சேத்துக்கோணும்.”

அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். பிறகு வாசலை விட்டு இறங்கி வந்தார்.

“செத்துப்போனாருன்னு எனக்கு யாருமே சேதி சொல்லலீங்களே” என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. “கர்த்தரு மறந்துக்கட்டுமுங்க. அவரு பெரியவரு. எனக்கு இந்தப் பக்கம் கேக்கறதில்லீங்களே. ஊரெல்லாம் போய் அத்தனையும் சொல்றாரு. இந்தக் காது எப்படிப் போச்சுன்னு மட்டும் சொல்லச் சொல்லுங்க.”

எல்லோரும் அண்ணாவைப் பார்த்தோம். பேச்சுக்கு என்றும் தடுமாறாத மனுசர் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். மைக் இரைந்தது. பிறகு, “தொட்டிகிட்ட வழுக்கி உளுந்துபோட்டியே அம்மிணி” என்றார்.

“உளுந்துபோட்டேன்னு ஊருக்குச் சொன்னனுங்க” என்றார் அக்கா. “உங்களுக்குமா?”

அவ்வளவுதான். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அதற்குப் பிறகு பாட்டுப் பாடிக் கூட்டத்தை முடித்தார்கள். ஆனால் யாருக்கும் குரல் எழும்பவில்லை. லைனில் அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்பே தீர்ப்பு ஆகிவிட்டது. வேஷம் கலைந்துவிட்டது என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஆனால் அவர் ஓடவில்லை. அடுத்த நாளும் வேலைக்கு வந்தார். வாய் மட்டும் போய்விட்டது. சபையில் சாட்சி சொல்லக் கூப்பிட்டும் போகவில்லை என்று கேள்விப்பட்டேன். வாசலில் காய் வைப்பதையும் நிறுத்திவிட்டார். திருப்புளியைக் காதில் வைத்தால் ரொம்ப நேரம் எடுக்காமல் நிற்பார்.

சில வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

“ஏன் தம்பி, அம்மிணி காது எப்படிப் போச்சுன்னு உங்களுக்குத் தெரியுமுங்களா?” என்று கேட்டார்.

நான் சமையலறைப் பக்கம் பார்த்தேன். பாத்திரச் சத்தம் நின்றிருந்தது. அவரே தொடர்ந்து பேசினார். “நெசமாலுமே எனக்கு ஞாபகமில்லீங்க. அவ சொன்னதையே நானும் நம்பிக்கிட்டிருந்தேன். போதையில என்ன பண்ணிப்போட்டனோ தெரியலீங்க. ஞாபகமில்லாததைச் செஞ்சேன்னு நின்னு சொன்னா, அது பொய்ச் சாட்சி ஆயிருமுங்களே. செய்யலைன்னு சொன்னா, அது அதைவிடப் பெரிய பொய்யாயிருமோன்னு பயமா இருக்குதுங்க.”

குடித்தவர் மறந்தேன் என்று சொல்வதை எப்படி நம்புவது? மறந்தேன் என்கிறவர்கள் எல்லோரும் மறந்தவர்கள் இல்லை. அவர் முகத்தையே பார்த்தேன். மீசை இல்லாத அந்த முகத்தில் எனக்குப் படிக்க ஒன்றும் கிடைக்கவில்லை. இப்படி ஒரு குழப்பத்தில் ஒருவர் மாட்டிக்கொள்ள முடியும் என்றே அதுவரை நான் நினைத்ததில்லை. பொய் சொல்லக்கூடாது என்ற பயம் வந்தபிறகு, எது உண்மை என்று அவருக்கே தெரியவில்லை.

உங்கள் அம்மா உள்ளேயிருந்து வந்தாள். கையில் கரண்டி அப்படியே இருந்தது.

“எங்க ஊட்டுக்காரரைக் கேட்டா அவருக்கு என்னங்க தெரியும்?” என்றாள். “அடி வாங்குனவங்க எதுத்த ஊட்டுலதானுங்க இருக்காங்க. அவங்களுக்கு நல்லா ஞாபகம் இருக்கும். போய் அவங்களைக் கேளுங்க.” அவர் திரும்பும்போது இன்னொன்றும் சொன்னாள். “கேக்கறதுக்கு மட்டும் போங்கண்ணா. சொல்றதுக்குப் போகாதீங்க.”

அக்கா அப்போது துவைக்கிற கல்லில் துணி அலசிக்கொண்டிருந்தார். அண்ணா போய்க் கொஞ்சம் தள்ளித் தரையில் உட்கார்ந்து ஏதோ கேட்டார். அக்கா திரும்பவில்லை. மறுபடியும் கேட்டார். திரும்பவில்லை. பழைய நாளாக இருந்தால் அந்த இடத்தில் அவர் குரல் லைன் முழுக்கக் கேட்டிருக்கும். நான் ஜன்னலை விட்டு நகரவில்லை. தேவைப்பட்டால் ஓட வேண்டும் என்று செருப்பைக்கூடப் போட்டுக்கொண்டேன். உங்கள் அம்மா என்னை அப்படி வேடிக்கை பார்க்கக்கூடாது என்று அதட்டிவிட்டு, என் தோளுக்கு மேலே அவளே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் எழுந்தார். அவர் உட்கார்ந்திருந்தது அக்காவின் இடது பக்கம். தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிக்கொண்டு வலது பக்கம் வந்து, சேற்றில் வேட்டி படியக் குந்தி, மறுபடியும் அதையே கேட்டார்.

அக்கா கையிலிருந்த துணியை வாளிக்குள் போட்டார். பிறகு சொல்ல ஆரம்பித்தார். என்ன சொன்னார் என்று எங்களுக்குக் கேட்கவில்லை. உங்கள் அம்மாவுக்குத் தெரிந்த கதைதான். மாலையைக் கழற்றிய வாரம், சனிக்கிழமை சாயங்காலம், உள்ளங்கையால் ஒரே அடி. அவர் படுத்துத் தூங்கிவிட்டார். காதில் துணியை வைத்துக்கொண்டு அக்கா உங்கள் அம்மாவோடு பஸ் ஏறினார். டாக்டரிடம் வழுக்கி விழுந்தேன் என்றார். அதைச் சொல்ல அவ்வளவு நேரம் ஆகாது. ஆனால் அக்கா வெயில் ஏறும் வரைக்கும் சொல்லிக்கொண்டே இருந்தார். காதைப் பற்றி மட்டும் இல்லை, எல்லாவற்றையும் பற்றித்தான் சொல்லியிருக்க வேண்டும். அண்ணா ஒரு வார்த்தை பேசவில்லை. மோட்டாருக்குப் பக்கத்தில் கண்ணை மூடி நிற்பாரே, அதேபோல இருந்தார். கண் மட்டும் திறந்திருந்தது. அழுதாரா என்று கேட்காதீர்கள். அழுகிறவரை நான் அதற்கு முன்பும் மைக்கில் பார்த்திருக்கிறேன். அன்று அவர் அழவில்லை.

அக்கா அன்றைக்கு அவரை உள்ளே விடவில்லை. வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணா சபையில் எழுந்து, என் மனைவியின் காதைக் கெடுத்தவன் நான், எனக்கு ஞாபகமில்லை, அவள் சொல்லித் தெரிந்துகொண்டேன் என்று ரெண்டே வரி சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாராம். யாருக்கும் ஸ்தோத்திரம் சொல்லத் தோன்றவில்லையாம். அப்புறம் அவரைச் சாட்சிக்கு யாரும் கூப்பிடவில்லை.

ஒரு வருஷம் போல ஆனது. அக்கா வீட்டில் அவர் சாப்பிட்டதைப் பார்த்தோம். பிறகு தங்கியதைப் பார்த்தோம். சைக்கிளை மட்டும் அந்த வாசலுக்குக் கொண்டு போனதில்லை. லைன் முனையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வருவார். மகளுக்குக் கல்யாணம் ஆகும் வரைக்கும் அப்படித்தான். உங்கள் அம்மாவும் ரொம்ப வருஷம் சனிக்கிழமை சாயங்காலம் தண்ணீர் எடுக்கப் போய்க்கொண்டுதான் இருந்தாள். எனக்கும் சந்தேகம் முழுசாகப் போகவில்லை. அவர் தண்ணீருக்குள் செத்தாரா, எழுந்தாரா, நான் எப்படிச் சொல்ல முடியும்? அவரை நான் உள்ளே பிரித்துப் பார்க்கவில்லை.

கடைசியாக அவர்களைப் பார்த்தது காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில். இருவருக்கும் தலை நரைத்திருந்தது. கோபி பஸ்ஸுக்காகக் கூட்டத்தில் நின்றிருந்தார்கள். அண்ணா அக்காவுக்கு இடது பக்கம். பஸ் வளைந்து உள்ளே வந்ததும் ஜனங்கள் ஓட ஆரம்பித்தார்கள். அக்கா வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணா அவர் தோளைத் தட்டியிருக்கலாம், கையைப் பிடித்து இழுத்திருக்கலாம், ஒரு சத்தம் போட்டிருக்கலாம். அந்தக் கூட்டத்தை ஒதுக்கிக்கொண்டு, அக்காவின் பின்னால் சுற்றி, வலது பக்கம் வந்து, குனிந்து ஏதோ சொன்னார். பஸ் வந்துவிட்டது என்றுதான் சொல்லியிருப்பார்.

அதற்குள் சீட்டெல்லாம் நிறைந்துவிட்டது. இருவரும் கோபி வரைக்கும் நின்றுகொண்டேதான் போயிருப்பார்கள்.